ரோமானியக் கலையும் கட்டடக்கலையும்: தமிழகத்தில் அதன் தடங்கள்

பண்டைய ரோமானியக் கலையும் கட்டடக்கலையும் இன்றைய இத்தாலியில் உள்ள ரோம் நகரை மையமாகக் கொண்டு வளர்ந்தவை. ரோமானியர்கள் தூண்களையும் சிற்ப மரபையும் கிரேக்கரிடமிருந்தும், வளைவு கட்டும் முறையை எத்ரசுக்கரிடமிருந்தும் பெற்றனர். அவற்றுடன் கான்கிரீட்டைச் சேர்த்து, அதுவரை எவரும் கட்டியிராத அளவில் குவிமாடங்கள், அரங்குகள், பாலங்கள், நீர்ப்பாலங்கள், சாலைகள் ஆகியவற்றை அமைத்தனர். இன்று உலகெங்கும் காணப்படும் பாராளுமன்றக் கட்டடங்கள், விளையாட்டரங்குகள், நினைவு வளைவுகள், கான்கிரீட் வீடுகள் ஆகியவற்றில் அம்மரபின் தடத்தைக் காணலாம்.

தமிழகத்திற்கும் ரோமுக்கும் இடையிலான தொடர்பு சங்க காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் ரோமானியக் கட்டடக்கலை அப்போது தமிழகத்தில் வேரூன்றவில்லை. முதலில் காசும் மட்பாண்டமும் வந்தன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆங்கிலேயர் வழியாகக் கட்டட வடிவம் வந்தது. அதன் பின்னர் கான்கிரீட் வந்தது. இம்மூன்று வருகைகளையும் இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது.

ரோமானியக் கட்டடக்கலையின் அடிப்படைகள்

கல் அழுத்தத்தைத் தாங்கும். வளைக்கும் விசையைத் தாங்காது. இரு தூண்களின் மேல் ஒரு கல் உத்தரத்தை வைத்தால், அதன் அடிப்பகுதி இழுபட்டு விரிசல் காணும். எனவே கல் உத்தரம் கொண்ட கட்டடங்களில் தூண்களை நெருக்கமாக நிறுத்த வேண்டியிருக்கிறது. வளைவு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆப்பு வடிவக் கற்களை அரைவட்டமாக அடுக்கி, உச்சியில் முடிக்கல்லை இறுக்கும்போது, மேலிருந்து வரும் சுமை முழுவதும் அழுத்தமாக மாறி இருபுறச் சுவர்களுக்கும் இறங்குகிறது. வளைவை நீட்டினால் வளைகூரை கிடைக்கும். சுழற்றினால் குவிமாடம் கிடைக்கும்.

ரோமானியரின் இரண்டாவது பெரிய கருவி கான்கிரீட். சுண்ணாம்பு, எரிமலைச் சாம்பல், உடைந்த கல், செங்கல் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து அதனை உருவாக்கினர். நேப்பிள்சு நகருக்கு அருகிலுள்ள பொசுவோலி என்ற ஊரில் கிடைத்த சாம்பல் இதற்குச் சிறந்ததாக இருந்தது. அவ்வூரின் பெயராலேயே அச்சாம்பல் பொசோலானா எனப்பட்டது. இக்கலவை தண்ணீருக்கு அடியிலும் இறுகும் தன்மை கொண்டது. ஆகவே துறைமுகங்கள் கட்டவும் பயன்பட்டது.

இவ்விரண்டும் சேர்ந்து உருவானவற்றுள் தலைசிறந்தது ரோமில் உள்ள பாந்தியன் கோயில். பேரரசர் ஆட்ரியன் காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டி நிறைவடைந்த இதன் குவிமாடத்தின் உள்விட்டம் 43.3 மீட்டர். தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் அதே அளவு. மேலே செல்லச் செல்லச் சுவரின் தடிமன் குறைகிறது. கலவையில் சேர்க்கப்பட்ட கல்லும் இலகுவாகிறது. உச்சிக்கு அருகே மிதக்கும் தன்மையுள்ள எரிமலை நுரைக்கல் பயன்படுத்தப்பட்டுள்ளது. இரும்புக் கம்பி இல்லாமல் கட்டப்பட்ட கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே மிகப் பெரியது இன்றும் இதுவே.

கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கில் சுமார் 50,000 பேர் அமரலாம். இதன் 80 வாயில்களில் பெரும்பாலானவற்றுக்கு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கூட்டம் நெரிசலின்றி உள்ளே வரவும் வெளியேறவும் இந்த ஏற்பாடு உதவியது. கி.மு. 312-இல் ரோமின் முதல் நீர்க்கால்வாயும், புகழ்பெற்ற அப்பியன் சாலையும் அப்பியசு கிளாடியசு என்ற ஒரே அதிகாரியின் முயற்சியில் தொடங்கப்பட்டன. பிற்காலத்தில் 11 கால்வாய்கள் ரோம் நகருக்கு நீர் கொண்டுவந்தன. தென் பிரான்சில் உள்ள பான் து கார் நீர்ப்பாலம் மூன்று அடுக்கு வளைவுகளுடன் சுமார் 49 மீட்டர் உயரம் கொண்டது. அது இடம்பெற்றிருந்த கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வளவு தூரத்திற்கும் மொத்தச் சரிவு 20 மீட்டருக்கும் குறைவே. இவ்வளவு நுட்பமாக மட்டம் பார்த்ததே ரோமானியப் பொறியியலின் சிறப்பு.

கலையைப் பொறுத்தவரை, மனித முகத்தை உள்ளபடியே காட்டுவதில் ரோமானியர் தேர்ந்தவர்கள். சுருக்கம், வழுக்கை, தொங்கும் கன்னம் ஆகியவற்றையும் மறைக்காமல் சிலைகளில் செதுக்கினர். தரையில் சிறு கற்களைப் பதித்து மொசைக் ஓவியங்கள் அமைத்தனர். பேரரசரின் பக்கவாட்டு முகத்தைக் காசுகளில் அச்சிட்டனர். தமிழகத்திற்கு முதலில் வந்து சேர்ந்த ரோமானியக் கலை அந்தக் காசு முகமே.

முதல் வருகை: காசும் கலமும்

சங்க இலக்கியத்தில் யவனர் என்ற சொல் கிரேக்கரையும் ரோமானிய ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த வணிகரையும் குறிக்கிறது. பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பும் யவனர் மரக்கலங்களை அகநானூறு குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியச் சிவப்பு மட்பாண்டங்களும், மது நிரப்பி வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகமாகக் கருதப்படும் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளிலும் இத்தகைய சாடித் துண்டுகள் பெருமளவில் கிடைத்துள்ளன.

இந்தியாவில் ரோமானியக் காசுகள் மிகச் செறிவாகக் கிடைத்த பகுதிகளுள் கொங்கு நாடு ஒன்று. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிலும், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் அவை கிடைத்துள்ளன. படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணலில் செய்த மணிகளும் இவ்வணிகத்தோடு தொடர்புடையவை.

இந்தக் காசுகளைத் தமிழர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்குப் புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த புதையல் ஒரு சான்று. அதில் இருந்த சுமார் 500 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. அக்காசுகள் மீண்டும் நாணயமாகப் புழங்காமல், எடைக்கு எடை பொன்னாகவே கொள்ளப்பட்டதை இவ்வெட்டுகள் காட்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ரோமில் அதிகாரத்தின் அடையாளமாக இருந்த முகம், இங்கே உலோகத்தின் மேலுள்ள ஒரு குறியாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஆயினும் அந்த முகம் முற்றிலும் புறக்கணிக்கப்படவில்லை. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகள் சிலவற்றில் அரசனின் பக்கவாட்டு முகமும், அதன் மேல் தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயரும் காணப்படுகின்றன. ‘குட்டுவன் கோதை’ என்ற பெயருடைய காசும் இவ்வகையைச் சேர்ந்தது. ரோமானியக் காசைப் பார்த்து, அந்த முறையில் தன் முகத்தையும் தன் எழுத்தையும் சேர அரசன் பொறித்துக்கொண்டான் என்பது நாணயவியல் அறிஞர்களின் கருத்து. பண்டைத் தமிழகத்தில் ரோமானியக் கலையின் தாக்கத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கொல்லிமலையும் கரூர்க் காசுகளும்

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை, ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என ‘நாடு’ என்ற பெயர் தாங்கிய பல மலை ஊராட்சிகளைக் கொண்டது. சங்க காலத்தில் இது கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியின் மலை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்கு அளித்ததாகச் சங்கப் பாடல்கள் தெரிவிக்கின்றன.

சேரர் தலைநகரான வஞ்சி கரூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் காசுகளில் ‘கொல்லிப்புறை’, ‘கொல்லிரும்பொறை’ என்ற பெயர்கள் பொறித்தவையும் உள்ளன. இப்பெயர்கள் கொல்லிமலையின் மீது சேரருக்கு இருந்த உரிமையைக் குறிப்பவை எனக் கருதப்படுகிறது. இவ்வாறு, ரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய ஒரு நகரின் காசுகளில் கொல்லியின் பெயர் இடம்பெற்றது. ரோமானியக் கப்பல்கள் வந்தது கடற்கரைக்கு மட்டுமே என்றாலும், அந்த வணிகத்தின் விளைவுகள் ஆற்றுவழியாக உள்நாட்டு மலைகளின் அடிவாரம் வரை எட்டின.

கட்டடக்கலை அப்போது ஏன் பரவவில்லை?

பியூட்டிங்கர் வரைபடம் எனப்படும் பண்டைய சாலை வரைபடத்தின் இடைக்காலப் படி ஒன்றில், முசிறிக்கு அருகே ‘அகசுதசு கோயில்’ குறிக்கப்பட்டுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து மண்டபம் ஒன்றைக் கட்டும் பணியில் மகத, மராட்ட, அவந்தி நாட்டுக் கைவினைஞருடனும் தமிழகக் கலைஞருடனும் யவனத் தச்சரும் சேர்ந்து உழைத்ததாக மணிமேகலை கூறுகிறது. எனினும் ரோமானிய முறையில் கட்டப்பட்ட வளைவோ குவிமாடமோ அக்காலத் தமிழகத்தில் அகழ்ந்தெடுக்கப்படவில்லை.

வணிகர்கள் பொருள் கொண்டுவந்தனர். ஆட்சி செய்ய வரவில்லை. வட ஆப்பிரிக்காவிலும் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் ரோமானியப் படைகள் நிலைகொண்டு சாலை அமைத்தன, நகரங்களைக் கட்டின. தமிழகத்தில் அது நிகழவில்லை. தமிழர் தம் தேவைக்கேற்ற கட்டட முறையைத் தாமே வளர்த்துக்கொண்டனர். தூணும் உத்தரமும் கொண்ட கல் மண்டபங்களும், கற்களை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டி எழுப்பிய விமானங்களும் அம்முறையில் உருவானவை. 1010-இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம் கொண்டது. உட்புறம் கூடாக உள்ள அந்தக் கோபுரம், ரோமானிய வளைவு முறை இன்றியே எழுப்பப்பட்டது. இரு மரபுகளும் ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டவை. ஒன்றை வைத்து மற்றொன்றைக் குறைவாக மதிப்பிட இடமில்லை.

பின்னாளில் வளைவும் குவிமாடமும் இசுலாமியக் கட்டடக்கலை வழியாகத் தென்னிந்தியாவில் பரவின. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் அந்த வளைவுகளையும் உள்ளூர்ச் சுதை வேலையையும் இணைத்த 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஆகும்.

இரண்டாம் வருகை: ஆங்கிலேயர் காலத்துச் சென்னை

18-ஆம் நூற்றாண்டில் பாம்பேயி நகரம் அகழ்ந்தெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஐரோப்பாவில் ரோமானிய, கிரேக்க வடிவங்களில் மீண்டும் ஆர்வம் எழுந்தது. இப்பாணி நவசெவ்வியல் பாணி எனப்படுகிறது. பேரரசு ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயருக்கு, பழைய பேரரசு ஒன்றின் தோற்றம் பொருத்தமாகப் பட்டது. சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களில் தூண் வரிசையும் முக்கோண முகப்பும் கொண்ட கட்டடங்கள் எழுந்தன.

அவற்றுள் முக்கியமானது சென்னை ராஜாஜி மண்டபம். நான்காம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானை வென்றதன் நினைவாக, ஆளுநர் எட்வர்டு கிளைவ் காலத்தில், 1800 முதல் 1802 வரை இது கட்டப்பட்டது. வடிவமைத்தவர் சென்னை வானாய்வகத்தின் வானியலாளரான ஜான் கோல்டிங்காம். தூண் வரிசையும் முக்கோண முகப்பும் கிரேக்கக் கோயிலை நினைவூட்டுகின்றன. உயர்ந்த மேடை மேல் கட்டடத்தை நிறுத்தி, முன்புறம் மட்டும் அகன்ற படிக்கட்டு அமைப்பது ரோமானியக் கோயில்களின் வழக்கம். படிகளில் ஏறி வருபவர் அதிகாரத்தின் முன் நிற்கும் உணர்வைப் பெற வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம்.

விடுதலைக்குப் பின் இம்மண்டபம் ராஜாஜியின் பெயரைப் பெற்றது. அண்ணா 1969-இலும், காமராசர் 1975-இலும், எம்.ஜி.ஆர். 1987-இலும், ஜெயலலிதா 2016-இலும், கருணாநிதி 2018-இலும் மறைந்தபோது அவர்களின் உடல்கள் இங்கேயே மக்களின் அஞ்சலிக்கு வைக்கப்பட்டன. அண்டை நாட்டு மன்னன் ஒருவனை வென்ற களிப்பில் விருந்துண்ணக் கட்டப்பட்ட இடம், தமிழ் மக்கள் தம் தலைவர்களுக்கு விடைகொடுக்கும் இடமாக மாறியது. கட்டடத்தின் வடிவம் அப்படியே இருக்க, அதன் பொருளை மக்கள் மாற்றிவிட்டனர்.

எழும்பூரில் உள்ள புனித ஆந்திரேயா தேவாலயம் 1818-இல் தொடங்கப்பட்டு 1821-இல் திறக்கப்பட்டது. இலண்டனின் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தைத் தழுவிய முகப்பும், வட்ட வடிவ உள்ளறையும் கொண்டது. 16 தூண்கள் தாங்கும் இதன் செங்கல் குவிமாடத்தின் விட்டம் சுமார் 51 அடி. பாந்தியன் குவிமாடத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதனைக் கட்டிய பொறியாளர் தாமசு டி ஆவிலாண்டு, வளைவுகளில் தனி ஈடுபாடு கொண்டவர். 1808-இல் சீரங்கப்பட்டணத்தில் 112 அடி அகலத்தில் செங்கல் வளைவு ஒன்றைச் சோதனையாகக் கட்டிக் காட்டினார். அது 1937 வரை நின்றது.

உள்ளூர்க் கைத்திறன்

இக்கட்டடங்களின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பொருளும் வேலையும் இங்கிருந்து கிடைத்தன. எழும்பூரின் இளகிய மண்ணில் அவ்வளவு பெரிய குவிமாடத்தைத் தாங்குவதற்கு, சுமார் 150 கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் அமைக்கப்பட்டது. கிணறு இறக்கி அதன் மேல் கட்டுவது தென்னிந்தியாவில் முன்பே வழக்கில் இருந்த முறை.

ரோமில் பளிங்கால் மெருகூட்டிய இடத்தில், சென்னையில் சுண்ணாம்பு பயன்பட்டது. கடற்கரைக் கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு நீற்றி, மணலுடன் அரைத்து, வெல்லமும் கடுக்காய் நீரும் சேர்த்துச் சாந்து தயாரித்தனர். மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் தயிரும் நெய்யும் சேர்க்கப்பட்டன. பூசிய பின் கூழாங்கல்லால் நாட்கணக்கில் தேய்த்தபோது, அது பளிங்கைப் போல ஒளிர்ந்தது. ஆங்கிலேயர் இதற்கு வேறு பெயர் தேடாமல், ‘சுண்ணம்’ என்ற இந்நாட்டுச் சொல்லைத் தம் மொழியில் ‘சுனாம்’ எனத் திரித்து வழங்கினர். மண்டபங்களை வடிவமைத்தவர்களின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. அந்தச் சுவர்களைத் தேய்த்து மெருகேற்றிய கொத்தனார்கள், சித்தாள்கள் ஆகியோரின் பெயர்கள் அவ்வாறு நினைவில் நிற்கவில்லை. ரோமிலும் நிலைமை இதுவே. பாந்தியன் முகப்பில் அகிரிப்பாவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது, அதைக் கட்டியவர்களின் பெயர்கள் இல்லை.

மூன்றாம் வருகை: இன்றைய வாழ்வில்

ரோமானியப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பின் ஐரோப்பாவில் கான்கிரீட் நுட்பம் பெரும்பாலும் வழக்கொழிந்தது. 1824-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆசுப்தின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனுள் இரும்புக் கம்பி வைக்கும் முறை வந்தது. கம்பி இழுவிசையைத் தாங்குவதால், வளைவு இல்லாமலேயே தட்டையான கூரையை அகலமாக அமைக்க முடிந்தது. கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் வெடிக்கும் என்பது இம்முறையின் குறை. கம்பி இல்லாத ரோமானியக் கான்கிரீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. மேலும், அதில் உள்ள சிறு சுண்ணாம்புத் துணுக்குகள், விரிசலில் நீர் புகும்போது கரைந்து அவ்விரிசலை மீண்டும் அடைக்கின்றன என்று அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2023-இல் விளக்கினர்.

தமிழகத்தில் ரோமானிய நீர்ப்பாலத்தோடு ஒப்பிடத்தக்கது கன்னியாகுமரி மாவட்டத்தின் மாத்தூர் தொட்டிப்பாலம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1966-இல் கட்டப்பட்ட இப்பாலம், பறளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து பாசன நீரைக் கொண்டு செல்கிறது. 28 தூண்கள் இதனைத் தாங்குகின்றன. மிகுந்த உயரம் 115 அடி. பம்பு எதுவும் இன்றி, சரிவை மட்டும் நம்பிப் பள்ளத்தைக் கடக்கும் முறை இரண்டுக்கும் பொது. ரோமானியப் பாலம் நகரத்தின் குளியலறைகளுக்கும் நீரூற்றுகளுக்கும் நீர் தந்தது. மாத்தூர்ப் பாலம் வயலுக்கு நீர் தருகிறது.

பிற துறைகளிலும் இத்தொடர்ச்சியைக் காணலாம். டெல்லி இந்தியா வாயில் ரோமானிய வெற்றி வளைவுகளின் வழிவந்தது. நடுவே களமும் சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகளும் எண்ணிட்ட வாயில்களும் கொண்ட சென்னை சேப்பாக்கம் போன்ற விளையாட்டரங்குகளின் அமைப்பு கொலோசியத்தை ஒத்தது. ஆங்கில எழுத்துகளின் பெரிய வடிவங்கள் ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து வந்தவை. கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் எழுத்துகளைப் பின்பற்றி 1989-இல் வெளியான கணினி எழுத்துரு, திரைப்படச் சுவரொட்டிகளில் பரவலாகக் காணப்படுகிறது.

மதிப்பீடு

ஒற்றுமை எல்லாம் தாக்கம் ஆகாது. கரூர்ச் சேரர் காசில் உள்ள முகம் ரோமானியத் தாக்கம் எனலாம். தஞ்சை விமானத்தில் அதற்கு இடமில்லை. ராஜாஜி மண்டபத்தின் படிக்கட்டு ஆட்சியின் வழியே வந்த வடிவம். மாத்தூர்ப் பாலம் தேவை கருதி மக்களாட்சியில் எழுந்தது. ஒரு கலை மரபு எந்த வழியாக வந்தது, வந்த இடத்து மக்கள் அதை என்ன செய்தனர் என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும்போதே வரலாறு தெளிவாகிறது.

மூன்றாம் வருகையின் தடத்தைக் காண அருங்காட்சியகம் செல்லத் தேவையில்லை. இன்று வீடு கட்டப் பரவலாகப் பயன்படும் சிமெண்டு வகைகளில் ஒன்று ‘போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்டு’; பி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது. எரிமலைச் சாம்பலுக்கு மாற்றாக, அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் இதில் கலக்கப்படுகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் லாரிகளில் சிமெண்டு மூட்டைகளும் செல்கின்றன. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் இருந்த ஆலத்தூர் நாடு போன்ற மலை ஊர்களில் கான்கிரீட் கூரைகள் எழுகின்றன. அந்த மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் பொசோலானா என்ற சொல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கொத்தனார்கள் சாம்பல் அள்ளிய பொசுவோலி என்ற இத்தாலிய ஊரின் பெயரிலிருந்து வந்தது.